சோற்றிலும் சவ்வரிசியிலும் உள்ள மாவுச்சத்து: நாம் அறிந்துகொள்ள வேண்டியவை

நம் குடும்பங்களில் யாருக்காவது சர்க்கரை நோய் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், வீட்டில் முதலில் குறைவது சீனிதான். தேநீரில் சீனி இல்லை, விருந்தில் இனிப்பு இல்லை. ஆனால் அதே தட்டில் சோறு குவிந்திருக்கும். இரவில் இரண்டு பரோட்டா, காலையில் நான்கு இடியாப்பம் என்று வழக்கம் மாறாமல் நடக்கும். "இனிப்பே தொடுவதில்லை, பிறகு எப்படி சர்க்கரை ஏறுகிறது?" என்று கேட்பவர்களை நாம் அடிக்கடி பார்க்கிறோம்.

இந்தக் கேள்விக்கான பதில் மாவுச்சத்து என்ற ஒரு பொருளில் இருக்கிறது. நாவில் இனிக்காத அது, வயிற்றில் குளுக்கோஸாக மாறிவிடும். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. எனவே மாவுச்சத்து என்றால் என்ன, சமைக்கும்போது அது எப்படி மாறுகிறது, எங்கெல்லாம் பயன்படுகிறது என்பதை வீட்டில் சமைப்பவரும் சாப்பிடுபவரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

செடியின் சேமிப்பு

பச்சை இலைகள் சூரிய ஒளியைக் கொண்டு, காற்றில் உள்ள கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சும் தண்ணீரையும் சேர்த்துச் சர்க்கரை தயாரிக்கின்றன. அந்தச் சர்க்கரையை அப்படியே சேமித்தால் செடிக்குச் சிக்கல். சர்க்கரை தண்ணீரில் கரையும். கரைந்தால் உயிரணுவுக்குள் தண்ணீரை இழுத்து அதை வீங்கச் செய்யும். ஆகவே செடி குளுக்கோஸ் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியாக்கி, குளிர்ந்த நீரில் கரையாத சிறு மணிகளாகக் கட்டிவைக்கிறது. அந்த மணிகள்தான் மாவுச்சத்து. ஆங்கிலத்தில் இதை ஸ்டார்ச் என்கிறார்கள்.

நெல்லும் கோதுமையும் இதை விதையில் வைக்கின்றன. உருளையும் மரவள்ளியும் நிலத்தடிக் கிழங்கில் வைக்கின்றன. வாழை தன் காயில் வைக்கிறது. காய் பழுக்கும்போது அந்த மாவுச்சத்து சர்க்கரையாக உடைவதால்தான் பழம் இனிக்கிறது. நம் உடலும் இதுபோல ஒரு சேமிப்பை வைத்திருக்கிறது. கல்லீரலிலும் தசையிலும் இருக்கும் அதற்கு கிளைக்கோஜன் என்று பெயர்.

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறில் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. இரண்டு குளுக்கோஸ் இணையும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறும். செரிமானத்தில் இதற்கு நேர் எதிரானது நடக்கிறது: தண்ணீர் சேர்ந்து சங்கிலி அறுகிறது.

இந்த இணைப்பின் கோணமும் முக்கியம். மாவுச்சத்தில் இருப்பது ஆல்ஃபா இணைப்பு. அதை வெட்டும் நொதி நம் உடலில் உண்டு. அதே குளுக்கோஸ் பீட்டா இணைப்பில் கோக்கப்பட்டால் செல்லுலோஸ் ஆகிவிடும். பருத்தி நூலும் வைக்கோலும் பெருமளவு அதுதான். அதை வெட்டும் நொதி நமக்கு இல்லை. மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களுக்கு உண்டு. அரிசியை நாமும் வைக்கோலை மாடும் தின்பதற்குக் காரணம் இந்தச் சிறிய வேறுபாடே.

நேர்ச் சங்கிலியும் கிளைச் சங்கிலியும்

மாவுச்சத்தில் இரண்டு வகை மூலக்கூறுகள் கலந்திருக்கும். ஒன்று அமைலோஸ், பெரும்பாலும் கிளையில்லாத நீண்ட சங்கிலி, சுருள் கம்பி போலச் சுருண்டிருக்கும். மற்றது அமைலோபெக்டின், மரம் போல ஏராளமான கிளைகள் உடையது. சாதாரணமாக அமைலோஸ் 20 முதல் 30 சதவீதமும், மீதி அமைலோபெக்டினும் இருக்கும்.

சமையலறையில் நாம் காணும் பல வேறுபாடுகள் இந்த விகிதத்தால் வருபவை. அமைலோஸ் அதிகமுள்ள அரிசி வெந்தபின் உதிரியாக நிற்கும், ஆறினால் விறைக்கும். அமைலோஸ் குறைந்த அரிசி குழைந்து ஒட்டும். தென்கிழக்கு ஆசிய நாடுகளில் இனிப்புப் பலகாரங்களுக்குப் பயன்படும் ஒட்டரிசியில் அமைலோஸ் ஏறக்குறைய இல்லை.

செரிமானத்திலும் இதன் தாக்கம் தெரியும். கிளைகள் மிகுந்த அமைலோபெக்டினில் நொதி வேலை செய்யப் பல முனைகள் கிடைப்பதால் அது வேகமாக உடையும். நெருக்கமாகச் சுருண்ட அமைலோஸ் மெதுவாக உடையும். பொதுவாக, குழைந்து ஒட்டும் அரிசி சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும். உதிரியாக நிற்கும் அரிசி சற்று மெதுவாக ஏற்றும்.

அடுப்பில் நடப்பது

பச்சை மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து வைத்தால் சிறிது நேரத்தில் அடியில் படிந்துவிடும். மணிகள் தண்ணீரை அதிகம் ஏற்பதில்லை. சூடாக்கும்போது, மாவின் வகையைப் பொறுத்து சுமார் 60 முதல் 80 டிகிரி செல்சியஸுக்குள், அந்த மணிகளின் கட்டு தளர்ந்து, தண்ணீரை உறிஞ்சிப் பல மடங்கு வீங்குகின்றன. அமைலோஸ் வெளியே கசிந்து தண்ணீரைக் கெட்டியாக்குகிறது. கஞ்சி கெட்டியாவதும், சோளமாவு கரைத்து ஊற்றிய சூப் திரள்வதும் இதனால்தான். கொதிக்கும் சூப்பில் மாவை நேரடியாகக் கொட்டினால், கட்டியின் வெளிப்புறம் உடனே வீங்கி ஒட்டிக்கொள்ளும். உள்ளே தண்ணீர் போகாது. அதனால்தான் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றுகிறோம்.

வீங்கித் தளர்ந்த மாவுச்சத்து நொதிகளுக்கு எளிதில் வசப்படும். எனவே ஒரே அரிசியைப் பதமாக வடித்துச் சாப்பிடுவதற்கும், குழையக் குழைய வேகவைத்துக் கடைந்து குடிப்பதற்கும் இரத்தச் சர்க்கரையில் வேறுபாடு உண்டு. நோன்புக் கஞ்சியில் அரிசியோடு பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால், கறி ஆகியவை சேர்கின்றன. புரதமும் கொழுப்பும் நார்ச்சத்தும் செரிமானத்தை மெதுவாக்க உதவும். அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டினால் சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் ஏற்றது. ஆனாலும் கஞ்சி கஞ்சிதான். அளவு பார்த்தே குடிக்க வேண்டும்.

வடிகஞ்சியைக் கொட்டிவிட்டால் சோற்றில் சர்க்கரை இருக்காது என்று சிலர் நம்புகிறார்கள். வடிநீரோடு கொஞ்சம் மாவுச்சத்து போவது உண்மை. பெரும்பகுதி பருக்கையிலேயே தங்கிவிடுகிறது. வடிநீரோடு பி வகை வைட்டமின்களில் ஒரு பகுதியும் போய்விடும்.

வயிற்றில் நடப்பது

மாவுச்சத்தின் செரிமானம் வாயிலேயே தொடங்குகிறது. ஒரு ரொட்டித் துண்டை விழுங்காமல் நன்றாக மென்றுகொண்டே இருந்தால் மெல்ல இனிக்கத் தொடங்கும். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி சங்கிலியை வெட்டுவதன் அடையாளம் அது. சிறுகுடலில் கணையத்தின் அமைலேஸ் வேலையைத் தொடர்கிறது. குடல் சுவரில் உள்ள மற்ற நொதிகள் எஞ்சிய துண்டுகளைக் குளுக்கோஸாக்குகின்றன. அது இரத்தத்தில் சேர்கிறது. ஒரு கிராம் மாவுச்சத்து தருவது சுமார் 4 கலோரி. சீனியும் கிட்டத்தட்ட அதே அளவுதான் தருகிறது.

ஒவ்வோர் உணவும் இரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது என்று அளக்கும் முறையை 1981-ல் கனடாவின் டொரன்டோவில் டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய குழுவினரும் வெளியிட்டார்கள். கிளைசெமிக் குறியீடு என்பது அதன் பெயர். தூய குளுக்கோஸை 100 என்று வைத்து, 55-க்குக் கீழ் குறைவு, 70-க்கு மேல் அதிகம் என்று பிரிக்கிறார்கள். வெள்ளை ரொட்டி பொதுவாகச் சீனியைவிட உயர்ந்த இடத்தில் இருக்கிறது. சீனியில் பாதிதான் குளுக்கோஸ், மறுபாதி ஃபிரக்டோஸ். ரொட்டியின் மாவுச்சத்து முழுவதுமே குளுக்கோஸ். இதனால் சீனி நல்லது என்று ஆகிவிடாது. இனிப்பைத் தவிர்த்துவிட்டு ரொட்டியை வயிறு நிறையச் சாப்பிடுவது தீர்வாகாது என்பதே இதன் பொருள்.

சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறுவதும் இப்படித்தான். அரிசியின் எடையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கும், கோதுமை மாவில் மூன்றில் இரண்டு பங்கு அளவும் மாவுப்பொருளே. முழுக் கோதுமையில் நார்ச்சத்து அதிகம் என்பது ஒரு நன்மை. ஆனால் எண்ணாமல் ஆறு சப்பாத்தி சாப்பிட்டால் அந்த நன்மை போய்விடும். மைதாவில் செய்த பரோட்டாவுக்கு அந்த நார்ச்சத்து நன்மையும் கிடையாது.

மருந்து உட்கொள்பவர்களின் குடும்பத்தார் ஒன்றை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். சர்க்கரை திடீரெனக் குறைந்து வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால் சோறோ பிஸ்கட்டோ கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. அவை உடைந்து இரத்தத்தில் சேர நேரமாகும். குளுக்கோஸ் மாவு அல்லது சீனி கரைத்த தண்ணீரை உடனே கொடுக்க வேண்டும். வோக்லிபோஸ், அகார்போஸ் என்ற மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்குச் சீனி போதாது. குளுக்கோஸ்தான் தர வேண்டும். குடல் சுவரின் நொதிகளைத் தடுத்து வேலை செய்பவை அந்த மருந்துகள். அதனால் சீனியும் மெதுவாகவே உடையும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

ஆறிய சோறும் செரிக்காத மாவும்

வெந்த மாவுச்சத்து ஆறும்போது, தளர்ந்த சங்கிலிகள் மீண்டும் நெருங்கி இறுகுகின்றன. பழைய சோறு விறைப்பதும், ரொட்டி காய்ந்தது போலாவதும் இதனால். குளிர்பெட்டியின் குளிரில் இந்த மாற்றம் இன்னும் வேகமாக நடக்கும். அதனால் ரொட்டியை அதிக நாள் வைக்க வேண்டுமானால் உறைபனிப் பெட்டியில் வைப்பது நல்லது.

இப்படி இறுகியதில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது. இதற்கு 'செரிமானத்தை எதிர்க்கும் மாவுச்சத்து' என்ற பெயரை 1982-ல் ஹான்ஸ் இங்லிஸ்ட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் வைத்தார்கள். பெருங்குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் இதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களாக்குகின்றன; குடல் சுவரின் உயிரணுக்களுக்கு அது உணவு. வாழைக்காய், பயறு வகைகள் ஆகியவற்றிலும் இந்த வகை மாவுச்சத்து கூடுதலாக உண்டு. புழுங்கல் அரிசியை அவிக்கும்போதே மாவுச்சத்து ஒருமுறை வெந்து, காயும்போது இறுகிவிடுகிறது. பச்சரிசியைவிடப் பொதுவாக அது மெதுவாகச் செரிப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆறவைத்த சோறு சர்க்கரை நோய்க்கு மருந்து என்று வரும் செய்திகளை அப்படியே நம்ப வேண்டாம். ஆறும்போது கூடும் அளவு சிறியது. பெரும்பகுதி குளுக்கோஸாகவே மாறும். மேலும் சோற்றை வெளியில் நெடுநேரம் வைத்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகி, மீண்டும் சூடாக்கினாலும் அழியாத நச்சை உண்டாக்கக்கூடும். விருந்தில் மிஞ்சிய பிரியாணியைப் பெரிய அண்டாவிலேயே விட்டுவைக்காமல், சிறு பாத்திரங்களில் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

வேகாத மாவு மெதுவாகச் செரிப்பதை மருத்துவமும் பயன்படுத்திக்கொண்டது. கிளைக்கோஜனிலிருந்து குளுக்கோஸை விடுவிக்க முடியாத ஒரு பிறவிக் கோளாறில், குழந்தைகளின் இரத்தச் சர்க்கரை இரவில் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அவர்களுக்கு வேகவைக்காத சோளமாவைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால், குளுக்கோஸ் பல மணி நேரம் மெதுவாகக் கிடைத்துக்கொண்டே இருக்கும் என்று 1984-ல் அமெரிக்க மருத்துவர்கள் காட்டினார்கள். மருத்துவர் அளவு சொல்ல, இன்றும் இந்தச் சிகிச்சை நடக்கிறது.

சவ்வரிசியின் கதை

சவ்வரிசி முதலில் மலாய்த் தீவுகளில் வளரும் சாகோ பனையின் தண்டிலிருந்து கிடைத்த பொருள். இன்று நாம் கடையில் வாங்குவது மரவள்ளிக் கிழங்கின் மாவில் செய்தது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளியைப் போர்த்துகீசியர் நம் பக்கம் கொண்டுவந்தார்கள். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பஞ்சகால உணவாகப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவிலிருந்து சவ்வரிசி வருவது நின்றுபோக, சேலத்தில் மரவள்ளியிலிருந்து தயாரிக்கும் தொழில் வளர்ந்தது. ஆலைகளுக்கான கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981-ல் உருவானது. சேலம் சவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கிழங்கைக் கழுவி, தோல் நீக்கி, அரைத்து, பாலை வடிகட்டித் தெளியவைக்கிறார்கள். அடியில் படியும் மாவைக் குலுக்கி உருண்டைகளாக்கி, சூடான தகட்டில் வறுத்து, வெயிலில் காயவைக்கிறார்கள். அதனால் சவ்வரிசியில் இருப்பது ஏறக்குறைய மாவுச்சத்து மட்டுமே; புரதம் மிகக் குறைவு. காய்ச்சலில் கிடப்பவருக்கு ஒருவேளை கஞ்சியாகக் கொடுப்பதில் தவறில்லை. வளரும் குழந்தைக்கு நாள்தோறும் அதையே கொடுத்தால் வயிறு நிறையும், உடல் தேறாது. பாலோ பருப்போ முட்டையோ சேர வேண்டும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பால் போதும். இந்தக் கஞ்சிகள் வேண்டாம்.

மரவள்ளிக் கிழங்கை வீட்டில் சமைக்கும்போது ஒரு கவனம் தேவை. அதில் சயனைடு நச்சை வெளியிடும் லினமரின் என்ற பொருள் உண்டு. தோலைத் தடிப்பாகச் சீவி, துண்டாக்கி ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசக்கும் கிழங்கைச் சாப்பிடக் கூடாது.

சாப்பாட்டுக்கு வெளியே

துணிக்குக் கஞ்சி போடுவது நமக்குப் பழக்கமானது. தறியில் பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்க நெசவாளர்கள் நூலுக்கும் கஞ்சி போடுகிறார்கள். தாள் ஆலைகளில் மை பரவாமல் இருக்கவும், அட்டைப் பெட்டிகளின் அடுக்குகளை ஒட்டவும் மாவுச்சத்து பெருமளவில் செலவாகிறது. மாத்திரைகளில் அது மருந்தைப் பிணைக்கவும், வயிற்றில் தண்ணீர் பட்டதும் வீங்கி மாத்திரையை உடைக்கவும் பயன்படுகிறது. மட்கும் பைகளும் இதில் தயாராகின்றன.

மாவிலிருந்து சர்க்கரை எடுக்கும் வழியும் பழையது. 1811-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கிர்ச்சாஃப் என்பவர் மாவுச்சத்தை அமிலத்தோடு கொதிக்கவைத்து இனிப்புப் பாகு எடுத்தார். 1833-ல் பிரான்சில் பேயனும் பெர்சோவும் முளைகட்டிய பார்லியிலிருந்து அதே வேலையைச் செய்யும் டயஸ்டேஸ் என்ற நொதியைப் பிரித்தார்கள். இன்று பிஸ்கட், மிட்டாய், குளிர்பானங்களில் சேரும் குளுக்கோஸ் பாகும் சோளப் பாகும் இந்த வழியில் வந்தவையே.

பாக்கெட்டின் பின்புறம் பார்க்க வேண்டியவை

'சீனி சேர்க்கப்படாதது' என்று முன்பக்கம் எழுதியிருந்தாலும், பின்பக்கப் பட்டியலில் மைதா, மால்டோடெக்ஸ்ட்ரின், சோளமாவு முன்னணியில் இருந்தால் அது சர்க்கரையை ஏற்றும் பொருள்தான். மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது பாதி உடைத்த மாவுச்சத்து. மிக வேகமாகக் குளுக்கோஸாகும். மொத்த மாவுப்பொருள் எத்தனை கிராம் என்ற வரியைப் பார்ப்பதே சரி.

ஐ.என்.எஸ். 1422, 1442 போன்ற எண்கள் மாற்றியமைக்கப்பட்ட மாவுச்சத்தைக் குறிப்பவை. சாஸும் தயிர் வகைகளும் தண்ணீர் பிரியாமல் இருக்கச் சேர்க்கிறார்கள். எண்ணைக் கண்டதும் ஹராம் பொருள் என்று பரப்பப்படும் பட்டியல்களால் பலர் குழம்புகிறார்கள். மாவுச்சத்து தாவரத்திலிருந்து வருவது. நாம் விசாரிக்க வேண்டியது ஜெலட்டினை. அது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படுகிறது. மென்று தின்னும் ஜெல்லி மிட்டாய்களில் இரண்டுமே இருக்கலாம் என்பதால், ஸ்டார்ச் என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது. இந்தியாவில் பச்சைக் குறி போட்ட உணவில் ஜெலட்டின் இருக்க அனுமதி இல்லை. நம் வீடுகளில் செய்யும் கடல்பாசியில் இந்தச் சிக்கலே இல்லை. அது கடல் தாவரத்திலிருந்து வரும் வேறொரு மாவுப்பொருள்.

ஒரு துளி அயோடின்

அமைலோஸின் சுருளுக்குள் அயோடின் நுழைந்தால் கருநீல நிறம் தோன்றும். 1814 முதல் அறியப்பட்ட இந்த வினை கலப்படத்தைக் கண்டுபிடிக்க உதவுகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமும் இதை வீட்டுச் சோதனையாகப் பரிந்துரைக்கிறது. பனீர் அல்லது கோவாவில் சிறிது எடுத்துத் தண்ணீரில் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு, இரண்டு மூன்று துளி அயோடின் கரைசலை விடுங்கள். நீலமானால் மாவு கலந்திருக்கிறது. சூடாக இருக்கும்போது நிறம் தெரியாது. மஞ்சளில் இயற்கையாகவே மாவுச்சத்து இருப்பதால் மஞ்சள்தூளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. சோதித்ததைச் சாப்பிடாமல் கொட்டிவிடவும்.

வீட்டில் தொடங்க எளிய வழி

மாவுச்சத்து நமக்கு வேண்டிய உணவுதான். உழைக்கும் உடலுக்கும் ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கும் அதுவே ஆற்றல். மாற்ற வேண்டியது தட்டின் பங்கீடு. பாதித் தட்டு காய்கறியும் கீரையும், கால் தட்டு மீன், கறி, முட்டை அல்லது பருப்பு, மீதிக் கால் தட்டு சோறு அல்லது சப்பாத்தி. சோற்றோடு உருளைக்கிழங்கும், பிறகு சவ்வரிசிப் பாயசமும் என்று மாவுக்கு மேல் மாவாக அடுக்குவதைத் தவிர்க்கலாம். மருந்தின் அளவை மருத்துவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது. வீட்டில் சர்க்கரைமானி இருந்தால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பார்த்து எழுதிவையுங்கள். எந்தச் சாப்பாடு எவ்வளவு ஏற்றுகிறது என்பது ஒருவருக்கொருவர் மாறும். சில நாள் குறிப்பே உங்கள் வீட்டாருக்கு எது ஏற்றது என்பதைக் காட்டிவிடும்.